உருவப்பட ஒளிப்படக்கலையில் எளிய ஒளியின் வரலாறு

ஒருவருடைய முகத்தை, அவர் யார் என்பதும் எப்படிப்பட்டவர் என்பதும் தெரியும்படி ஒளிப்படமாக எடுப்பது உருவப்பட ஒளிப்படக்கலை எனப்படும். இன்று இதற்கெனப் பல வகை விளக்குகளும் குடைகளும் திரைகளும் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் இக்கலையின் முதல் நூறு ஆண்டுகளில் எடுக்கப்பட்டு இன்றும் போற்றப்படும் முகப்படங்களில் மிகப் பலவற்றுக்குப் பின்னால் இருந்தவை ஒரு சன்னல், ஒரு வெள்ளைத் துணி, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, சில வேளைகளில் வெறும் முற்றம் ஆகியவையே. விலை குறைந்த இந்தப் பொருட்களின் வரலாறு, உருவப்படம் யாருக்குக் கிடைத்தது, யாருடைய முகம் எப்படிப் பதிவாகியது என்பதன் வரலாறும் ஆகும்.

இவ்வரலாற்றில் இரண்டு காலங்களைப் பிரித்துப் பார்க்கலாம். முதலில் ஒளி போதவில்லை. எப்படியாவது அதனைச் சேர்க்க வேண்டியிருந்தது. பின்னர் ஒளி தேவைக்கு மேல் கிடைத்தது. அதனை எங்கே அடைப்பது, எப்படி மென்மையாக்குவது என்பதே கேள்வியாயிற்று. நல்ல முகப்படத்துக்கான அறிவு பெரும்பாலும் இரண்டாவது காலத்தில்தான் உருவானது.

ஒளி போதாத காலம்

1839 ஆம் ஆண்டு சனவரி 7 அன்று பாரிசு அறிவியல் கழகத்தில் தாகுவேரின் ஒளிப்பட முறை அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 19 அன்று அதன் செய்முறை வெளியிடப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் படம் பதிய நல்ல வெயிலிலும் பல நிமிடங்கள் தேவைப்பட்டன. கட்டடங்கள் அசையாமல் நின்றதால் தெளிவாகப் பதிந்தன. மனிதர்கள் அப்படி நிற்க இயலவில்லை. எனவே மனித முகத்தை இம்முறையில் எடுப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்று தொடக்கத்தில் பலர் கருதினர்.

அக்கருத்தைத் தொடக்கத்திலேயே பொய்யாக்கியவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரைச் சேர்ந்த இராபர்ட் கொர்னீலியசு. 1839 இன் பிற்பகுதியில் அவர் தன்னைத் தானே எடுத்த படம், இன்று கிடைக்கும் மிகப் பழைய முகப்படங்களுள் ஒன்று. அவருடைய குடும்பத் தொழில் விளக்குகள் செய்வது. ஆனால் விளக்குக் கடைக்காரரான அவர் படம் எடுக்கக் கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில்தான் நின்றார். அக்காலத்து எந்த விளக்கும் தாகுவேர்த் தகட்டுக்குப் போதாது என்பதை அவரைவிட நன்றாக அறிந்திருக்கக் கூடியவர் வேறு யார்?

1840 இல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் வோல்காட் முகப்படம் எடுக்கும் நிலையம் ஒன்றைத் திறந்தார். சன்னலுக்கு வெளியே கண்ணாடிகளைப் பொருத்தி, வெயிலை அறைக்குள் திருப்பி, அமர்ந்திருப்பவரின் முகத்தின் மீது விழச் செய்தார். ஒளி கண்ணைக் கூசச் செய்ததால், இடையில் மயில்துத்தக் கரைசல் நிரப்பிய நீலக் குப்பிகளை அடுக்கி வைத்தார். 1841 மார்ச்சில் ரிச்சர்ட் பேர்டு இலண்டனில், அரச பொலிடெக்னிக் நிறுவனத்தின் மாடியில் திறந்த நிலையத்திலும் நீலக் கண்ணாடிக் கூரை இருந்தது. இது அழகுக்காகச் செய்யப்பட்டதன்று. அன்றைய தகடுகள் ஒளியின் நீல, ஊதாப் பகுதிகளை மட்டுமே உணர்ந்தன. மஞ்சள், சிவப்புக் கதிர்களால் படத்துக்குப் பயனில்லை. அமர்ந்திருப்பவரின் கண்களுக்குத் துன்பம் மட்டுமே. நீலக் கண்ணாடி பயனில்லாத ஒளியை வடிகட்டிவிட்டுப் பயனுள்ளதை உள்ளே விட்டது. மயில்துத்தமும் ஒரு சில குப்பிகளும் கொண்டு செய்த இந்த ஏற்பாடு மலிவான தீர்வுகளுள் மிகவும் அறிவார்ந்த ஒன்று.

தகட்டின் இந்த நீலப் பார்வைக்கு இன்னொரு விளைவும் இருந்தது. நீல விழிகள் வெளிறித் தெரிந்தன; சிவந்த உதடுகளும் மாநிறத் தோலும் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கருமையாகப் பதிந்தன. 1873 இல் செருமானிய வேதியியலாளர் எர்மான் வோகல், சாயங்களைச் சேர்த்துத் தகட்டின் உணர்திறனைப் பச்சை நோக்கி நீட்டலாம் எனக் கண்டறிந்தார். எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 20 ஆம் நூற்றாண்டில்தான் பரவின. ஆகவே 19 ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் எடுக்கப்பட்ட பழைய படங்களில் மக்கள் காணப்படும் கருமையை அவர்களுடைய உண்மையான நிறம் என்று கொள்ளக் கூடாது. அதில் ஒரு பங்கு வேதிப்பொருளின் செயல்.

எடின்பரோ: திறந்த வெளியே நிலையம்

1843 இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையிலிருந்து 400 க்கும் மேற்பட்ட போதகர்கள் வெளியேறித் தனித் திருச்சபை ஒன்றை அமைத்தனர். அந்நிகழ்வை ஒரே ஓவியமாகத் தீட்ட விரும்பினார் ஓவியர் டேவிட் ஆக்டேவியசு ஹில். அத்தனை முகங்களையும் வரைவது எப்படி என்ற சிக்கலுக்கு, ஒளிப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுமாறு வழி சொன்னவர் இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர். இதற்காக ஹில், இளைஞரான இராபர்ட் ஆடம்சனுடன் சேர்ந்தார். இருவரும் டால்பட் கண்டுபிடித்த காகித எதிர்மறை முறையைக் கையாண்டனர். டால்பட்டின் காப்புரிமை ஸ்காட்லாந்துக்குப் பொருந்தாததால் உரிமத் தொகை கட்ட வேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்படவில்லை.

எடின்பரோவின் கால்டன் குன்றிலுள்ள ராக் இல்லத்தின் வெளிப்புறமே இவர்களுடைய நிலையம். நாற்காலி, மேசை, திரைச்சீலை, புத்தகங்கள் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்து வைத்து, அறைக்குள் எடுத்தது போன்ற தோற்றத்தை உண்டாக்கினர். முகத்தின் மீது ஒளியைக் குவிக்க ஒரு குழியாடியும் பயன்பட்டது. ஒரு படத்துக்கு ஒரு நிமிடம் அல்லது அதற்கும் மேல் அசையாதிருக்க வேண்டும். அதனால்தான் அவர்களுடைய படங்களில் பலர் கன்னத்தில் கையூன்றியோ புத்தகத்தின் மேல் கைவைத்தோ காணப்படுகிறார்கள். சிந்தனையாளர் தோற்றம் என்று நாம் நினைப்பது பல இடங்களில் தலை ஆடாமல் இருப்பதற்கான முட்டு.

போதகர்களுடன் நில்லாமல், அருகிலுள்ள நியூஹேவன் மீனவர் குடியிருப்பின் ஆண்களையும் பெண்களையும் இவர்கள் எடுத்தனர். கூடை சுமக்கும் மீன்காரப் பெண்களும் படகில் சாய்ந்து நிற்கும் மீனவர்களும் கொண்ட அப்படங்கள், உழைக்கும் மக்களை மதிப்புடன் காட்டிய முதல் ஒளிப்படங்களுள் இடம் பெறுகின்றன. 1848 சனவரியில் ஆடம்சன் 26 வயதில் இறந்தார். கூட்டுமுயற்சி அத்துடன் முடிந்தது. ஹில் தமது ஓவியத்தை 1866 இல்தான் முடித்தார். இன்று அந்த ஓவியத்தை விரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. அதற்குக் குறிப்பாக எடுத்த படங்களே நிலைத்துவிட்டன.

வடக்குச் சன்னல்

ஓவியர்கள் நெடுங்காலமாகப் போற்றிய வடக்கு நோக்கிய சன்னலை ஒளிப்படக் கலைஞர்களும் எடுத்துக்கொண்டனர். ஐரோப்பாவில் பகல் வேளையில் சூரியன் தெற்கு வானத்தில் செல்வதால், வடக்குச் சன்னலில் நேரடி வெயில் புகுவதில்லை. வானத்தின் பரந்த வெளிச்சம் மட்டுமே உள்ளே வரும். காலை முதல் மாலை வரை அதன் தன்மை அதிகம் மாறாது.

இந்த விதியைத் தமிழ்நாட்டில் அப்படியே பின்பற்ற முடியாது. சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை அங்கே உச்சிச் சூரியன் வடக்குப் பக்கமாகவே இருக்கும். யாழ்ப்பாணத்திலும் கன்னியாகுமரியிலும் இக்காலம் இன்னும் நீளம். ஆகவே இங்குள்ளவர்கள் திசையைப் பார்ப்பதைவிட, அந்த வேளையில் வெயில் நேராக விழாத சன்னல் எது என்று பார்ப்பதே சரி. தாழ்வாரம், திண்ணை, மரநிழல் ஆகியவை கொடுப்பதும் இதே வகை ஒளியே.

சன்னல் ஒளி ஏன் முகத்துக்கு இனியது? ஒளி வரும் பரப்பு பெரிதாக இருந்தால் நிழலின் விளிம்பு மெல்ல மெல்ல மறையும். சிறிதாக இருந்தால் நிழல் வெட்டியதுபோல விழும். இங்கே பெரிது, சிறிது என்பது உண்மை அளவைக் குறிப்பதன்று. முகத்திலிருந்து பார்த்தால் எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பதையே குறிக்கும். சூரியன் எவ்வளவு பெரியதாயினும் வானில் ஒரு சிறு வட்டமாகத் தெரிவதால் அதன் நிழல் கடுமையானது. ஒரு மீட்டர் அகலச் சன்னல், ஒரு மீட்டர் தொலைவில் அமர்ந்தவருக்கு மிகப் பெரிய ஒளிமூலம். அவரே அறையின் மறுகோடிக்குப் போனால் அதே சன்னல் சிறு ஒளிமூலமாகிவிடும். எனவே மென்மை வேண்டுவோர் புதிய விளக்கு வாங்க வேண்டியதில்லை, நாற்காலியைச் சன்னலுக்கு அருகே இழுத்தால் போதும்.

தொலைவு இன்னொன்றையும் தீர்மானிக்கிறது. ஒரு சிறு விளக்கிலிருந்து விலகும்போது ஒளியின் வலிமை தொலைவின் இருமடிக்கேற்பக் குறைகிறது. விளக்கிலிருந்து 1 மீட்டரில் முகமும் 3 மீட்டரில் சுவரும் இருந்தால், சுவருக்குக் கிடைப்பது முகத்துக்குக் கிடைப்பதில் ஒன்பதில் ஒரு பங்கு; படத்தில் சுவர் இருண்டுவிடும். விளக்கு 5 மீட்டர் தள்ளிப் போனால் சுவர் 7 மீட்டரில் இருக்கும். இரண்டுக்கும் ஏறத்தாழப் பாதிதான் வேறுபாடு. கறுப்புத் திரை வாங்க வசதியில்லாதவர்கள் இவ்விதியைக் கொண்டே வெள்ளைச் சுவரையும் இருளச் செய்யலாம்.

மலிவுப் படமும் தட்டை ஒளியும்

1851 இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் ஈரக் கொலோடியன் முறையை வெளியிட்டார். அதற்குக் காப்புரிமை எடுக்காததால் எவரும் அதனைக் கையாள முடிந்தது. ஒளிபடும் நேரமும் குறைந்தது. 1854 இல் பாரிசில் திசுதெரி, ஒரே தகட்டில் பல சிறு படங்களை எடுத்து விலையைக் குறைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அட்டையில் ஒட்டிய இச்சிறு படங்கள் அடுத்த பத்தாண்டில் ஐரோப்பா முழுதும் பரவின. ஆனால் திசுதெரியின் படங்களில் முழு உருவமும் தூண், திரைச்சீலை முதலிய பின்னணியும் ஒரே சீராகத் தெரிய வேண்டியிருந்ததால் ஒளி எல்லாப் பக்கங்களிலிருந்தும் பாய்ந்தது. முகம் கடுகளவு; அதிலும் நிழலே இல்லை. படம் மலிவாகி எல்லோருக்கும் எட்டியது பெரிய செய்தி. எனினும் அப்படங்களில் மனிதரைவிட அவருடைய உடையே அதிகம் பேசுகிறது.

அதே பாரிசில், அதே காலத்தில், நாடார் என்ற புனைபெயர் கொண்ட காசுபார் பெலிக்சு தூர்நாசோன் வேறு வழியில் சென்றார். (தமிழில் இப்பெயர் வேறு நினைவைத் தரலாம், இது பிரெஞ்சு நண்பர்கள் வைத்த வேடிக்கைப் பெயர்.) 1854 முதல் செயின்ட் லாசார் தெருவிலிருந்த அவருடைய நிலையத்தில் தூணும் இல்லை, தோட்டப் படுதாவும் இல்லை. வெறுமையான பின்னணி, ஒரு பக்கத்திலிருந்து வரும் பகல் ஒளி, மறுபக்கம் மெல்ல இருளும் கன்னம். கவிஞர்கள் போதலேர், நெர்வால் ஆகியோரின் முகங்களை இன்று உலகம் அறிவது இப்படங்களால்தான்.

கோழிக்கொட்டகையிலிருந்து போகவந்தலாவைக்கு

எளிய ஒளியின் வரலாற்றில் அதிகம் நின்று பார்க்க வேண்டியவர் சூலியா மார்கரெட் கேமரூன். கல்கத்தாவில் 1815 இல் பிறந்த இவருக்கு, இங்கிலாந்தின் வைட் தீவில் வாழ்ந்தபோது 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஓர் ஒளிப்படக் கருவியைப் பரிசளித்தனர். அப்போது அவருக்கு வயது 48. முறையான பயிற்சி எதுவும் இல்லை. வீட்டின் நிலக்கரிக் கிடங்கை இருட்டறையாக்கினார்; கண்ணாடி போட்ட கோழிக்கொட்டகையைப் படப்பிடிப்பு அறையாக்கினார். கோழிகள் வெளியேற்றப்பட்டன, அவற்றை யாரும் உண்டுவிடவில்லை என்று நம்புவதாக அவர் பின்னாளில் வேடிக்கையாக எழுதினார். 1864 சனவரியில் ஆனி என்ற சிறுமியின் படம் அமைந்தபோது அதனைத் தமது முதல் வெற்றி என்று குறித்துவைத்தார்.

கண்ணாடிக் கொட்டகையில் ஒளிக்குப் பஞ்சமில்லை. கேமரூன் செய்தது அதனை அடைத்தது. மற்ற நிலையங்கள் நாற்புறமும் திறந்துவிட்ட வெளிச்சத்தை அவர் துணியால் மறைத்து, ஒரு பக்கத்திலிருந்து அல்லது மேலிருந்து மட்டும் வரவிட்டார். இதற்கு விலை உண்டு: ஒளி குறைந்ததால் தகட்டுக்குப் பல நிமிடங்கள் தேவைப்பட்டன, அமர்ந்திருப்பவர் சிறிதே அசைந்தார், படம் மங்கியது. ஒளிப்படச் சங்கத்தார் இதனைக் கைத்திறன் குறைவு என்று குறை கூறினர். தகட்டில் விரல் தடங்களும் கீறல்களும் இருந்தது உண்மையே. ஆனால் அவர்கள் குறை கண்ட மங்கல், அதே படங்களிலுள்ள நிழலிலிருந்து பிரிக்க முடியாதது. கூர்மை வேண்டுமென்றால் ஒளியைத் திறந்துவிட வேண்டும். திறந்துவிட்டால் அந்த முகம் போய்விடும்.

1867 ஏப்ரலில் எடுத்த வானியலாளர் சான் எர்செல் படம் இதற்குச் சான்று. ஒளிப்படத்தை நிலைநிறுத்தும் வேதிப்பொருளின் பயனைக் கண்டறிந்தவர் எர்செல். கேமரூனுக்கு நெடுநாள் நண்பர். கேமரூன் கருவியைச் சுமந்துகொண்டு அவருடைய வீட்டுக்கே போனார். முதியவரைத் தலைகுளிக்கச் செய்து, நரைமுடியைக் கலைத்துவிட்டார். கறுப்புத் துணியால் உடலை மறைத்தார். படத்தில் மிஞ்சியது நெற்றியும் கண்களும் ஒளிரும் முடியும் மட்டுமே. கோழிக்கொட்டகை இல்லாத இடத்திலும் இது முடிந்தது என்பது கவனிக்கத்தக்கது. தேவைப்பட்டவை ஒரு சன்னலும் கருந்துணியும் அமர்ந்திருப்பவரின் பொறுமையும்.

1875 இல் கேமரூன் குடும்பம் இலங்கைக்குக் குடிபெயர்ந்தது. அவருடைய கணவர் சார்லசு ஹே கேமரூன், இலங்கை வரலாற்று மாணவர்கள் அறிந்த கோல்புரூக்–கேமரூன் ஆணைக்குழுவின் கேமரூனேயாவார். அங்கே அவருக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்தன. களுத்துறையில் சூலியா மீண்டும் படம் எடுத்தார். வைட் தீவின் சாம்பல் வானத்துக்குப் பழகிய கண், இங்கே தலைக்கு மேல் நின்ற வெயிலைச் சந்தித்தது. தாவர ஓவியர் மரியான் நார்த் அங்கே விருந்தினராக வந்தபோது, கம்பளிச் சால்வையைப் போர்த்தி, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, தென்னோலைகள் தலையில் குத்த, உச்சி வெயில் இலைகளின் இடையே கண்ணில் அடிக்க, இயல்பாக இருக்கும்படி சூலியா தம்மைப் பணித்ததாக நகைச்சுவையோடு எழுதியுள்ளார். வெப்பமானி அப்போது 96 பாகை பாரன்ஹீட் காட்டியதாம்.

இலங்கையில் கேமரூன் எடுத்தவற்றுள் 30 க்கும் குறைவான படங்களே எஞ்சியுள்ளன. வீட்டைச் சுற்றியிருந்த மக்களும் தோட்டத் தொழிலாளர்களும் அவற்றில் இருக்கிறார்கள். அவர்களுள் பலர் தமிழர் எனக் கருதப்படுகிறது. இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் எர்செல், கார்லைல், டென்னிசன் என்று பெயர்கள் உள்ளன. இலங்கைப் படங்களில் பெரும்பாலும் பெயரில்லை. ஒளியை ஆளும் கை அதுவேதான்; எதிரே நின்றவரைப் பற்றிய அறிவும் அக்கறையும் அதே அளவில் இல்லை. கேமரூனின் கலையைப் போற்றி எழுதுவோர் இதனை அடிக்குறிப்பாகக் கடந்துவிடுவது வழக்கம். தமிழ் வாசகருக்கு அது அடிக்குறிப்பன்று. 1879 சனவரியில் சூலியா டிக்கோயாப் பகுதியில் இறந்தார். போகவந்தலாவையிலுள்ள புனித மரியாள் ஆலய வளாகத்தில் அவருடைய கல்லறை உள்ளது.

தகரத் தாளும் ரெம்பிராண்ட் பெயரும்

ஒரு பக்க ஒளியில் மறுகன்னம் முற்றிலும் கறுத்துப் போவதைத் தடுக்க எளிய வழி, அப்பக்கத்தில் வெளிறிய பரப்பு ஒன்றை நிறுத்துவது. 1860 களின் இறுதியில் நியூயார்க்கில் வில்லியம் குர்ட்சு, தகரத் தாள் ஒட்டிய நகர்த்தக்கூடிய தட்டிகளைப் பயன்படுத்தி நிழலுக்குள் சிறிது ஒளியைத் திருப்பினார். இப்படங்கள் ‘ரெம்பிராண்ட்’ படங்கள் என்று பெயர் பெற்று விரைவில் வழக்கமாயின. நிழல் விழும் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே ஒரு சிறு முக்கோணம் மட்டும் ஒளிரும் அமைப்பை இன்றும் அப்பெயராலேயே அழைக்கின்றனர். ஒரு சன்னலை 45 பாகை பக்கவாட்டில் வைத்து, முகத்தை மெல்லத் திருப்பினால் அம்முக்கோணம் தானே தோன்றும்.

நெருப்பும் மின்சாரமும்

பகலை நம்பியிருப்பதன் குறை, இரவும் மழையும். 1860 ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாடார் மின்கலங்களால் இயங்கும் வில்விளக்கில் முகங்களை எடுத்துப் பார்த்தார். நிழல்கள் கரிபோல் விழுந்தன. வெள்ளைத் துணித் திரைகளையும் கண்ணாடிகளையும் வைத்து அவற்றைத் தணிக்க வேண்டியிருந்தது. அதாவது விளக்கு புதிதானாலும் மருந்து பழையதே. 1864 இல் மான்செஸ்டரில் மக்னீசிய நாடாவை எரித்துப் படங்கள் எடுக்கப்பட்டன. 1877 இல் என்றி வான் டெர் வேய்டு இலண்டனில் மின்னொளி நிலையம் திறந்தார்.

1887 இல் செருமனியில் மியெத்தே, கேடிக்கே ஆகிய இருவரும் மக்னீசிய மின்னல்பொடியை உருவாக்கினர். மலிவும் வேகமும் கொண்ட இந்த ஒளியை நியூயார்க் நிருபர் சேக்கப் ரீசு ஏழைகளின் குடியிருப்புகளுக்குள் கொண்டுசென்றார். பொடியை ஒரு வறுக்கும் சட்டியில் வைத்துக் கொளுத்தினார். 1890 இல் வந்த அவருடைய நூல் நகரின் வீட்டுநிலையைச் சீர்திருத்தும் முயற்சிகளுக்குத் துணைநின்றது. எனினும் இரவில் கதவைத் திறந்து நுழைந்தவரின் வெடியொளியில் விழித்தவர்களின் முகத்தில் தெரிவது வறுமையோடு திகைப்பும் ஆகும். முன்னால் இருந்து நேராகப் பாயும் ஒளி மூக்கு, கன்ன எலும்பு ஆகியவற்றின் நிழலை அழித்து முகத்தைத் தட்டையாக்கும். நூறாண்டுகளுக்குப் பின் கைப்பேசியின் சிறு மின்னொளி செய்வதும் அதுவே.

வெள்ளைத் துணியின் மீள்வருகை

கடுமையான விளக்கைச் சன்னலாக்கும் வழி, அதனை முகத்தின் மீது காட்டாமல் வெள்ளைப் பரப்பொன்றின் மீது காட்டுவது. இதற்கு இந்தியாவிலிருந்து ஒரு சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. அது திரைப்படத்தைச் சேர்ந்ததாயினும் சிக்கல் முகப்படத்தின் சிக்கலே. சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ (1956) படத்தில் காசியின் முற்றம் வைத்த வீடு ஒன்று வருகிறது. மழைக்காலம் குறுக்கிடும் என்ற அச்சத்தால் அதனைக் கல்கத்தாவில் படப்பிடிப்பு அரங்குக்குள் கட்ட நேர்ந்தது. அத்தகைய வீட்டில் ஒளி மேலே திறந்த வானத்திலிருந்து நிழலில்லாமல் இறங்கும். அரங்க விளக்குகளால் அதனைப் போலி செய்ய முடியாது என்று ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா வாதிட்டார். அரங்கைக் கட்டியாயிற்று, வேறு வழியில்லை. முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை வானம்போல விரித்துக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதன் மீது அடித்தார். துணியிலிருந்து திரும்பி இறங்கிய ஒளி, பார்ப்பவரை உண்மையான முற்றம் என்றே நம்பவைத்தது. அப்போது மித்ராவுக்கு வயது இருபத்தைந்தை ஒட்டியிருக்கும்.

தமிழில் இம்மரபைத் தொடர்ந்தவர்களுள் மட்டக்களப்புப் பகுதியில் பிறந்த பாலு மகேந்திரா குறிப்பிடத்தக்கவர். இருக்கும் ஒளியை மதித்து முகங்களைப் படமாக்கிய அவருக்கு ‘மூன்றாம் பிறை’ (1982) ஒளிப்பதிவுக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. இன்று திருமண வீடுகளிலும் படப்பிடிப்புத் தளங்களிலும் ஒருவர் வெள்ளைத் தெர்மாகோல் பலகையைப் பிடித்து நிற்பதைக் காணலாம். குர்ட்சின் தகரத் தட்டியும் மித்ராவின் துணியும் செய்த வேலையையே அது செய்கிறது. மாநிற முகமும் வெள்ளை வேட்டியும் ஒரே படத்தில் வரும்போது இப்பலகையின் அருமை தெரியும். வேட்டிக்கு ஏற்ப ஒளியை அளந்தால் முகம் கறுக்கும். முகத்துக்கு ஏற்ப அளந்தால் வேட்டி வெளிறிப்போகும். முகத்தைச் சன்னல் பக்கம் கொண்டுவந்து, உடலைச் சிறிது திருப்பி, பலகையை முகத்துக்கு மட்டும் காட்டினால் இரண்டும் நிற்கும்.

பமாக்கோவின் முற்றம்

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், பமாக்கோ நகரில் 1948 இல் செய்தூ கெய்த்தா தமது நிலையத்தைத் தொடங்கினார். தச்சுத் தொழில் தெரிந்த இளைஞர். சிறுவயதில் சிற்றப்பா வாங்கிவந்த சிறு கோடாக் கருவியில் பழகியவர். நிலையம் என்பது பெரும்பாலும் அவருடைய வீட்டு முற்றமே. பகல் ஒளியையே அவர் விரும்பினார். தொடக்கத்தில் பின்னணித் திரையாகத் தொங்கியது அவருடைய படுக்கை விரிப்பு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரையை மாற்றினார். அதனால் எந்தப் படம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதைத் திரையைக் கொண்டே பின்னாளில் கணிக்க முடிந்தது.

தகடுகள் விலை அதிகம் என்பதால் பெரும்பாலும் ஒருவருக்கு ஒரே ஒரு படம். அதனால் ஒளியையும் அமரும் விதத்தையும் முன்பே சரிபார்த்துக்கொள்வார். உடலைச் சற்றுத் திருப்பி, முகத்தை ஒளிக்குக் காட்டச் சொல்வார். வாடிக்கையாளர்கள் தங்கள் நல்ல உடையில் வந்தனர். கைக்கடிகாரம், வானொலிப் பெட்டி, ஸ்கூட்டர் ஆகியவற்றை நிலையத்திலேயே வாங்கி வைத்திருந்தார். கருமை நிறத் தோலின் மினுக்கமும் பூப்போட்ட துணியின் ஒவ்வோர் இழையும் ஒருசேரத் தெரியும் அப்படங்களில் ஒளி எங்கிருந்து வருகிறது என்பதே தோன்றாது.

1960 களின் தொடக்கத்தில் அவர் அரசின் ஒளிப்படக் கலைஞராகச் சேர்ந்து, பின்னர் நிலையத்தை மூடினார். எதிர்மறைத் தகடுகள் ஆயிரக்கணக்கில் பெட்டிகளில் கிடந்தன. 1991 இல் நியூயார்க்கில் நடந்த ஆப்பிரிக்கக் கலைக் கண்காட்சி ஒன்றில் அவருடைய சில படங்கள் எடுத்தவர் பெயர் தெரியாதவை என்ற குறிப்புடன் வைக்கப்பட்டன. அதன் பின்னர் அவரைத் தேடிச் சென்றவர்கள் பமாக்கோவில் கண்டடைந்தனர். 1994 இல் பாரிசில் அவருக்குத் தனிக் கண்காட்சி நடந்தது. அங்கே தம் படங்களைப் பெரிய அளவில் கண்டார். பமாக்கோவில் அவர் விற்றவை 13 செ.மீ. க்கு 18 செ.மீ. அளவுத் தகட்டை அப்படியே தாளில் வைத்து எடுத்த படிகள்.